வெள்ளிக்கிழமை பத்து நாற்பது

பங்குச் சந்தையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னைச் சூதாடி என்று நினைத்தார்கள். மீதிப் பேர் பணக்காரன் என்று நினைத்தார்கள். நான் இரண்டும் இல்லை. மதுரையில் மேல மாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த பங்குத் தரகு அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் டீலராக இருந்தேன். டீலர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வாடிக்கையாளர் போனில் சொல்வதைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறவன், அவ்வளவுதான். சொந்தமாக ஒரு ரூபாய் போட்டதில்லை. அது ஹலாலா ஹராமா என்று வீட்டில் கடைசிவரை முடிவாகவில்லை. இப்போது மச்சானின் செருப்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாருக்கும் அந்தச் சந்தேகம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு கேள்வி கேட்டார். அவர் கீழ மாசி வீதியில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் பார்த்தவர். விற்கிறவன் இங்கே மதுரையில் இருக்கிறான், வாங்குகிறவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். நான் ஒரு காகிதத்தில் கோடு போட்டு விளக்கினேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் திரையில் ஒரு கட்டம் திறக்கும். இடது பக்கம் வாங்க நிற்பவர்கள், வலது பக்கம் விற்க நிற்பவர்கள். யார், எந்த ஊர் என்றெல்லாம் தெரியாது. எத்தனை பங்கு, என்ன விலை, அது மட்டும் தெரியும். அதிக விலை கொடுக்க வருகிறவன் இடது பக்கம் மேலே ஏறுவான். குறைந்த விலைக்குக் கொடுக்க வருகிறவன் வலது பக்கம் மேலே ஏறுவான். இரண்டு விலையும் சந்தித்த அந்த நொடியே மும்பையில் இருக்கும் கம்ப்யூட்டர் வியாபாரத்தை முடித்துவிடும். ஒரே விலையில் பத்துப் பேர் நின்றால் யார் ஆர்டர் முதலில் போய்ச் சேர்ந்ததோ அவருக்குத்தான் முதல் இடம். அந்த முதல் என்பதை நொடியில் லட்சத்தில் ஒரு பங்குவரை பிரித்துப் பார்க்கும். பெரிய ஆட்கள் தங்கள் கம்ப்யூட்டரை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வாடகைக்கு வைத்திருக்கிறார்கள், மதுரையிலிருந்து நாம் பொத்தானை அழுத்துவதற்குள் அவர்கள் ஆர்டர் போய் நின்றிருக்கும் என்று சொன்னேன்.

அத்தா காகிதத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மொகம் பாக்காம என்னடா யாவாரம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அது எனக்கு உறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் முகம் பார்க்காவிட்டால் என்ன, நான் பார்ப்பேன் என்று ஒரு வீறாப்பு வந்தது. எங்கள் அலுவலகத்தின் மற்ற மூன்று டீலர்களும் ஆர்டரை வாங்கினார்கள், அடித்தார்கள், டீ குடித்தார்கள். நான் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டுப் போட்டேன். இன்னார் செவ்வாய்க்கிழமை புதிதாக எதையும் வாங்கமாட்டார். இன்னாருக்கு எட்டில் முடியும் எண்ணிக்கை ஆகாது. இந்தம்மா அமாவாசையன்று போன் எடுக்கமாட்டார். முக்கியமாக ராகு காலம். நம்மூரில் நல்லது எதையும் ராகு காலத்தில் தொடங்கமாட்டார்கள், அது எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திங்கட்கிழமை சந்தை திறக்கும் முன்பே அது முடிந்துவிடும், நிம்மதி. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. எல்லாம் எனக்கு மனப்பாடம். பாய் பஞ்சாங்கம் பார்க்கிறார் என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ராகு காலம் பார்க்கிறவர் என்று என் நோட்டில் குறித்தவர் யாராவது அந்த நேரத்தில் கூப்பிட்டால், ஆர்டரைத் திரையில் முழுக்க நிரப்பி வைத்துக்கொள்வேன். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தமாட்டேன். ராகு காலம் முடிந்ததும் வரிசையாக அழுத்துவேன். விதிப்படி இது தப்பு. வாடிக்கையாளர் சொன்ன உடனே ஆர்டர் போக வேண்டும், அதற்காகத்தான் எங்கள் போன் எல்லாம் பதிவாகிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் எட்டணாவோ ஒரு ரூபாயோதான் விலை நகரும். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்காததால் அதை நான் சேவை என்று நினைத்துக்கொண்டேன்.

திருவாதவூர்க்காரர் ஒருவர் என் வாடிக்கையாளர். அவர் முதன்முதலாக வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான், காலை பதினொரு மணி இருக்கும். கப்பலூர் தொழிற்பேட்டையில் பம்புசெட் பாகங்கள் கடையும் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வடக்கே ஒரு பம்பு கம்பெனியின் பெயரைச் சொல்லி, ஐம்பது பங்கு வேண்டும் என்றார். ஏன் அது என்று கேட்டேன். தாங்கள் கடைந்து கொடுக்கும் சாமான் முழுக்க அங்கேதான் போகிறது, நல்ல கம்பெனி என்றார். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. ராகு காலமாக இருக்கிறதே, பன்னிரண்டுக்கு மேல் போட்டுவிடவா என்று கேட்டேன். சரிண்ணே என்றார். நோட்டில் அவர் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம், கையில் காசு மிஞ்சும் மாதமெல்லாம் கூப்பிடுவார். பட்டறைக்குள் போன் கூடாது. அதனால் காலை பத்தரைக்கு விடும் டீ இடைவேளையில்தான் பேசுவார். அது வெள்ளிக்கிழமையாக இருந்தால் என் வழக்கப்படி பன்னிரண்டுக்கு மேல் போடுவேன். அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. ஒருமுறை ஜும்மா தொழுகை நேரத்தில் தெரியாமல் கூப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை காத்திருந்து மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை அவர் எண் என் போனில் வந்ததே இல்லை.

அப்படிச் சேர்த்து நாலாயிரம் பங்கு ஆகியிருந்தது. விலையும் இருநூற்றுப் பத்துக்கு வந்திருந்தது. அப்போதுதான் நிலத்தைப் பற்றிச் சொன்னார். கண்மாய்ப் பாசனத்தில் அறுபது சென்ட் நஞ்சை. அவருடைய அப்பாவும் அம்மாவும் வயசெல்லாம் கூலிக்குப் போன வயல் அது. நிலத்துக்காரர் குடும்பம் கோயம்புத்தூரோடு போய்விட்டது, இப்போது விற்கிறார்கள். மனை பிரித்து விற்கும் புரோக்கர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் முந்திக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். மீதிப் பணத்தோடு புதன்கிழமை பத்திரப் பதிவு. தவறினால் நிலம் புரோக்கருக்கு. இவர் கையில் கொஞ்சம் இருந்தது, மீதி இந்தப் பங்குகளில் இருந்தது. வெள்ளிக்கிழமை விற்றால் திங்கட்கிழமை பணம் வந்துவிடும், செவ்வாய்க்கிழமை வங்கியில் எடுத்துவிடலாம் என்று நான்தான் கணக்குச் சொன்னேன். வயலைப் போனில் படம் எடுத்து எனக்குக் காட்டினார். அறுப்பு முடிந்த வெறும் வயல், அதில் இரண்டு மாடு மேய்ந்தது. அதை அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை சரியாகப் பத்து நாற்பதுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, அம்புட்டையும் வித்துருங்க. புதங்கெழம பத்திரம்."

"சரி தம்பி, போட்டுர்றேன்" என்றேன்.

விற்பனைக்கான சிவப்புக் கட்டத்தைத் திறந்தேன். நாலாயிரம் என்று அடித்தேன். விலை இருநூற்றுப் பன்னிரண்டு. இடது பக்கத்தில் அந்த விலைக்கு வாங்க ஆள் தாராளமாக நின்றது. பொத்தானை அழுத்தியிருந்தால் நான் கையை எடுப்பதற்குள் விற்று முடிந்திருக்கும். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற பணம், ராகு காலத்தில் விற்க வேண்டாம் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டத்தை அப்படியே வைத்துவிட்டு வேறு போனை எடுத்தேன்.

பதினொன்று இருபது வாக்கில் பக்கத்து டீலர் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லி, நம்மிடம் யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். கம்பெனியின் கணக்குத் தணிக்கையாளர் பாதியில் விலகிவிட்டார் என்று செய்தி வந்திருந்தது; கணக்கில் ஏதோ கோளாறு என்றுதான் சந்தை அதை எடுத்துக்கொள்ளும். நான் திரையைப் பார்த்தபோது விலை இருநூற்று மூன்று. அடுத்த பார்வையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஐம்பது, அதோடு நின்றுவிட்டது. அந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளின் விலை ஒரு நாளில், முந்தின நாள் மூடிய விலையிலிருந்து, ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று வரம்பு உண்டு. அதை லோயர் சர்க்யூட் என்போம். கீழே விழாமல் காப்பாற்றுகிற ஏற்பாடு என்று சொல்வார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவனுக்குக் கதவைச் சாத்துகிற ஏற்பாடு அது. விலை இறங்க முடியாது, அந்த விலைக்கு வாங்கவும் ஆள் வராது. இடது பக்கம் முழுக்கக் காலி. வலது பக்கம் ஒரே விலையில் விற்க வந்தவர்கள் கூட்டம்.

விலையை மாற்றி அடித்துப் பொத்தானை அழுத்தினேன். மணி பதினொன்று இருபத்து நாலு. எங்களுக்கு முன்னால் ஒன்பது லட்சம் பங்குகள் வரிசையில் நின்றன.

அவர் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போனில் செய்தியைப் பார்த்து, அரைநாள் லீவு சொல்லிவிட்டு மூன்று மணிக்கு ஓடி வந்தார். என்னண்ணே என்றார். ஆர்டர் போட்டிருக்கிறேன், வாங்க ஆள் இல்லை என்றேன். பொய் இல்லை, திரையில் அவருடைய ஆர்டர் நின்றுகொண்டுதான் இருந்தது. எப்போது போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. மூன்றரைக்குச் சந்தை மூடியதும் அந்த ஆர்டர் தானாக ரத்தாகிவிட்டது. அதுதான் முறை, மறுநாள் வரிசையில் புதிதாக நிற்க வேண்டும். விற்பனை நடந்திருந்தால் ஆர்டர் போன நேரம் அச்சடித்த ரசீதில் அவர் கைக்குப் போயிருக்கும். விற்காத ஆர்டருக்கு ரசீது கிடையாது. நான் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியே இல்லை.

நான் சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆர்டர் ஏற்கத் தொடங்கும் நொடிக்காக, விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நொடி முள் பன்னிரண்டுக்கு வந்ததும் அழுத்தினேன். அதற்குள் ஆறு லட்சம் பங்கு எனக்கு முன்னால் நின்றது. விலை இன்னும் ஐந்து சதவீதம் கீழே. செவ்வாய்க்கிழமையும் அதே கதை. அவர் டீ இடைவேளையில் கூப்பிடுவார், நான் வரிசை நகரவில்லை என்பேன். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே பேச்சைப் பேசினார். டீ நேரம் வரட்டும் என்று தான் காத்திருந்ததுதான் தப்பு, பட்டறைக்குள் போகும் முன்பே கூப்பிட்டிருந்தால் விற்றிருக்கும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். நான், விடுங்க தம்பி, யாருக்குத் தெரியும் என்று ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

வீட்டில் என் மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் சோற்றைப் போட்டுவிட்டு, இன்றைக்கே அந்த மனுஷனிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தச் சம்பளத்தில் பரக்கத் இருக்காது, கையில் தங்காது என்றார். நாளை சொல்கிறேன் என்றேன். புதன்கிழமை வந்தது, பதிவு நடக்கவில்லை. நிலத்துக்காரர் ஒரு நாள் பொறுத்தார். வியாழக்கிழமை மாலை புரோக்கர் பெயருக்குப் பத்திரம் முடிந்தது. அதை அவர் என்னிடம் போனில் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன், நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தே முக்காலுக்கு மேல் இடது பக்கத்தில் திடீரென்று ஒரு பெரிய எண் வந்தது. யாரோ நூற்றைம்பத்து நாலு சொச்சத்துக்கு மொத்தமாக வாங்க இறங்கியிருந்தார்கள். வலது பக்க வரிசை கரையத் தொடங்கியது. பத்து ஐம்பத்திரண்டுக்கு எங்கள் நாலாயிரமும் விற்றுப்போனது. வாங்கியது யாரோ, என்ன நினைத்து வாங்கினார்களோ, கம்ப்யூட்டர் சொல்லாது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "எம் புத்திதாண்ணே. அன்னைக்கு மட்டும் டீ டயம் வரைக்கும் பாக்காம கூப்பிட்டிருந்தேன்னா" என்று மறுபடி தொடங்கினார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவரை நிறுத்தச் சொன்னேன். பத்து நாற்பதுக்கு அவர் சொன்னபோதே போட்டிருந்தால் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு விற்றிருக்கும், நான்தான் ராகு காலம் முடியட்டும் என்று பிடித்து வைத்திருந்தேன், பதினொன்று இருபத்து நாலுக்குத்தான் போட்டேன் என்று சொன்னேன். அவருக்காகத்தான் அப்படிச் செய்தேன், அவர் பார்ப்பாரே என்றுதான் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"நாங்க ராகு காலமெல்லாம் பாக்குறதில்லண்ணே" என்றார். "கூலிக்குப் போறவங்களுக்கு ஏது ராகு காலம்? கூப்புட்ட நேரத்துக்கு வயல்ல நிக்கணும். மொத நாளு நீங்க கேட்டீங்க. இந்த ஆபீசுல வழக்கம் போலன்னு நெனச்சேன். வேணாம்னு சொன்னா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு சரின்னேன்."

ஐந்து வருஷம். அவர் கூப்பிட்ட வெள்ளிக்கிழமைதோறும் நான் அவருக்காகக் காத்திருந்தேன், அவர் எனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லாத ஒன்றை நாங்கள் இருவரும் மரியாதைக்காகக் கடைப்பிடித்திருக்கிறோம். ஒரே ஒரு தடவை நான் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை அவர் வேண்டாம் என்றிருக்கலாம். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்து அவர்தான் சங்கடப்பட்டார்.

நீங்கள் புகார் கொடுக்கலாம் தம்பி என்றேன். பேசியதெல்லாம் பதிவாகியிருக்கிறது, பத்து நாற்பதுக்குச் சொன்னது அதில் இருக்கும், நஷ்டத்தை எங்கள் அலுவலகம் கொடுத்தாக வேண்டும் என்றேன்.

"ஒங்க வேல?"

"போயிரும்."

அவர் யோசித்தார். "நெலம் வருமாண்ணே?"

"வராது தம்பி."

பன்னிரண்டரை வரை அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் வந்த போன்களை எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. நான் எழுந்திருக்கவில்லை. நேரமாகிவிட்டது, போய்விட்டு வாருங்கள் என்று அவர்தான் சொன்னார், என் நாற்காலிக்கு வழிவிட்டுத் தன் கால்களை ஒதுக்கிக்கொண்டார். தாமதமாகப் போனதால் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. என்ன ஓதினேன் என்று நினைவில்லை.

அவர் போயிருப்பார் என்று நினைத்துத்தான் திரும்பி வந்தேன். ஒன்றே முக்கால் மணிக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சாப்பிடக்கூடப் போகவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"புகார் பண்ற நம்பர எழுதிக் குடுங்கண்ணே" என்றார். "நீங்க இல்லாதப்ப கேட்டா கோள் சொன்ன மாதிரி ஆயிரும்னு இருந்தேன்."

அந்த எண் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் மேலே சுவரில் ஒட்டியிருந்தது. எல்லாத் தரகு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும் என்பது விதி. நான் தொழுகையில் இருந்த முக்கால் மணி நேரத்தில் அவர் அதைப் படித்திருக்க மாட்டார் என்று என்னால் சொல்ல முடியாது.

என் நோட்டில் அவருடைய பக்கத்தைக் கிழித்து, அதன் பின்புறத்தில் எண்ணை எழுதினேன். ஒரு தடவை சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உடனே கொடுத்துவிட்டேன்.